கொம்பியூட்டர் இங்கிலீசு

எனக்கு வாசிக்கத் தெரியும் என்று நான் என் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஐம்பது வருசம் கௌரவமாக நடந்து வந்த பொம்பிளை நான். ஒருநாள் காலையில், துவக்கு வைத்திருந்த நாலு பேருக்கு முன்னால், அந்தக் கௌரவம் முடிந்தது.

(இதை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இடைக்கிடை சிரிக்கிறாள். அவள் சிரிக்கிறாள் என்பதற்காக நீங்களும் சிரிக்க வேண்டியதில்லை. நான் அன்றைக்குப் பட்டது பயம்.)

இரண்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். என் பெயரை எழுதுவேன், எங்கே கண்டாலும் அடையாளம் பிடிப்பேன். பஸ்ஸின் நெற்றியில் நீளமாக எழுதியிருந்தால் வெல்லாவெளி, குட்டையாக இருந்தால் கிரான். ஏறின பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கதை கொடுத்துச் சரி பார்த்துக்கொள்வேன். இவ்வளவுதான் என் படிப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு கந்தோரில் நாலு வருசம் படித்தவள் மாதிரி இருந்தேன்.

அது வீடு கட்டிக் கொடுக்கிற கந்தோர். கடல் வந்து எங்கள் கரையைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, வாவிக் கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். நான் அங்கே தேத்தண்ணி ஊத்தினேன், கூட்டினேன், காலையில் கொம்பியூட்டர்களுக்கு ஆளியைத் தட்டிக் கரண்ட் விட்டேன். கந்தோருக்குப் பின்பக்கத்து வெளியில் தகரக் கொட்டில்கள் வரிசையாக முப்பத்திமூன்று. ஏழாவது கொட்டில் என்னுடையது. அந்த முப்பத்திமூன்று குடும்பத்துக்கும்தான் கல்வீடு வரப்போகிறது என்று சொன்னார்கள். பட்டியலையும் கொட்டில் வரிசைப்படியே தயாரித்தார்கள். முதலாவது தங்கம்மா, இரண்டாவது அவளுடைய மச்சாள், இப்படியே கடைசிக் கொட்டில் வேலாயுதம் வரைக்கும். பகல் இடைவேளையில் நான் கந்தோர்ப் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு இருப்பேன். மரண அறிவித்தல் பக்கத்தில் படங்களைப் பார்த்து, தெரிந்த முகம் ஏதும் உண்டா என்று தேடுவேன். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது வாசிப்புத்தானே.

கடல் வந்து நாலாம் வருசம். எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் குறைந்து, வடக்கில் கூடிக்கொண்டிருந்த நேரம். சத்தம் குறைந்ததே தவிர பயம் குறையவில்லை. கந்தோருக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் மண்மூட்டை அடுக்கின ஆமிச் சென்றி இருந்தது. அந்தக் காலத்தில் ஏதாவது பட்டியலில் தன் பேர் இருக்கிறது என்றால் பயம். வீட்டுப் பட்டியலில் தன் பேர் இல்லை என்றால் அதைவிடப் பயம்.

அப்படி இருக்கிற நேரத்தில்தான் அன்ரன் வந்து சேர்ந்தான். புளியந்தீவுப் பொடியன், முப்பது வயசு, கொம்பியூட்டர் வேலைக்கென்று எடுத்த ஆள். கொழும்புப் பெரிய கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கள் கொம்பியூட்டர்களில் இருப்பதெல்லாம் களவாகக் கொப்பி அடித்த மென்பொருள், ஒன்றில் முறையாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும் என்று. அன்ரன் எல்லோரையும் காற்றாடிக்குக் கீழே கூப்பிட்டு இருத்தினான். வாங்கவும் வேண்டாம், களவும் வேண்டாம் என்றான். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்து எல்லோருக்கும் சும்மா கொடுக்கிற மென்பொருள் இருக்கிறதாம். அதற்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆரும் திறந்து பார்க்கலாமாம்.

அவன் வாயைக் கொடுத்தது அந்த இடத்தில்தான்.

பெரிய கிளாக்கர் தில்லையம்பலம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆரும் எண்டால்?"

"ஆரும்தான் ஐயா."

ஐயா நாடியால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். "அவனுமா?"

நான் பிளேன்ரீத் தட்டத்தோடு நின்ற இடத்திலேயே நின்றேன்.

திறந்து பார்க்கிறது மென்பொருளைத்தான், நாங்கள் எழுதிவைத்த பட்டியலை இல்லை என்று அன்ரன் மூன்று நாள் விளங்கப்படுத்தினான். கறி வைக்கிற முறையை ஊருக்கே சொல்லலாம், அதற்காக உங்கள் சட்டிக்குள் ஊர் எட்டிப் பார்க்க முடியாது என்றான். ஒருவரும் மசியவில்லை. தட்டச்சு செய்கிற ரஹீமா, காத்தான்குடிப் பிள்ளை, கெட்டிக்காரி. சும்மா கொடுத்த கூடாரமெல்லாம் முதல் மழைக்கே ஒழுகினதை அவள் ஞாபகப்படுத்தினாள். தில்லையம்பலம் ஐயா தன் மெசினுக்கு மேலே ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடினார். தன் கை பழகின மெசினைத் தொட வேண்டுமென்றால் தன்னை முதலில் பென்சனில் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் அன்ரனின் கண் என்மேல் விழுந்தது.

ஒரு மெசினில் புதியதைப் போட்டு, என்னை அதற்கு முன்னால் இருத்தினான். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தடித்த பறவை. அதை அமத்தினால் பெட்டி திறக்கும். பெட்டிக்குள் கடதாசிப் படம். மேலே இடப்பக்கத்தில் பிரிண்டர் படம். எனக்கு அது பெரிய காரியமாக இல்லை. எழுத்தை நம்பி நான் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. படம், இடம், ஒழுங்கு, இவைதான் என் பிழைப்பு. பழைய பழக்கம் இருந்தவர்கள்தான் அது எங்கே, இது எங்கே என்று தேடினார்கள். எனக்குத் தேட ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஒரு இங்கிலீசுக் கடிதத்தைத் திறந்து அச்சடித்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா? பூரணமக்கா ரெண்டு நாளில பழகிட்டா. உங்களுக்கு என்ன பயம்?" என்றான் அன்ரன்.

ஐயாவின் முகம் கறுத்தது. ரஹீமா அன்றைக்கே தன் மெசினை மாற்றச் சொல்லிவிட்டாள். எனக்கோ தலை கூரையில் முட்டியது. (அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் கொட்டில் வரிசை முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேனாம். மகள் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.)

திங்கட்கிழமை வந்தது. வீட்டுப் பட்டியல் காலை ஒன்பது மணிக்கு வெளிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அன்ரன் விடியவே மோட்டார் சைக்கிளில் கிரான் பக்கம் போய்விட்டான். ரஹீமா வந்த பஸ்ஸை வழியில் மறித்துச் சோதனை. ஐயாவோ புது மெசினை விரலாலும் தொடமாட்டேன் என்று கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"நான் எடுக்கிறன் ஐயா," என்றேன்.

"உன்னால முடியுமெண்டுதானே அண்டைக்கு அவன் சொன்னான்," என்றார். குரலில் நல்லெண்ணம் இல்லை.

ரஹீமா பட்டியலைத் திரையின் வலப்பக்க மேல் மூலையில் வைத்திருப்பாள். அந்த மூலையில் வேறொன்றும் இருக்காது. அமத்தினேன், திறந்தது. திரை நிறைய எழுத்து. தமிழ் இல்லை, அது எனக்கே தெரிந்தது. இங்கிலீசு எழுத்தும், நடுவில் கோடும் புள்ளியும், அடைப்புக்குறியுமாக இருந்தது. ஒரு நிமிசம் யோசித்தேன். ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், "ஏன், உனக்கு வாசிக்கத் தெரியாதோ?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே அரை நூற்றாண்டை ஓட்டினவள் நான். ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: வெள்ளைக்காரன் கொடுக்கிற வீடு, அதனால் வெள்ளைக்காரனின் எழுத்தில் வந்திருக்கிறது. வரிகள் முப்பத்திமூன்று இருந்தன, எண்ணிப் பார்த்தேன். வேறென்ன வேண்டும்? அச்சடித்தேன். கோதுமை மாப் பசை காய்ச்சி, கொண்டுபோய் ஒட்டினேன்.

கால் மணித்தியாலம் போகவில்லை, படலையில் அழுகைச் சத்தம். கொட்டில் ஆட்கள் முழுக்க வந்து நிற்கிறார்கள். ஒருவரின் பேரும் பலகையில் இல்லை என்று தங்கம்மா நெஞ்சில் அடிக்கிறாள். கடலில் போனது போக, இப்போது கடதாசியிலும் போய்விட்டோம் என்கிறாள் அவளுடைய மச்சாள்.

நான் தட்டத்தோடு வெளியே போனேன். (ஏன் போனாய், ஏன் போனாய் என்று மகள் இப்போதும் கேட்கிறாள்.)

"என்னகா கத்துறீங்க? இங்கிலீசில இருக்கு. பொறுங்க, நான் வாசிக்கிறன்."

பதினோராவது கொட்டில் சாமுவேல் மாஸ்டர், மெதடிஸ்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்து ஓய்வு பெற்றவர், மெல்ல முன்னுக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பூரணம், இது இங்கிலீசும் இல்லையே," என்றார்.

"இது கொம்பியூட்டர் இங்கிலீசு, மாஸ்டர்."

சொல்லிவிட்டு முதலாவது வரியில் விரலை வைத்தேன். தங்கம்மா என்றேன். இரண்டாவது வரி, மச்சாளின் பேர். கொட்டில் வரிசை எனக்கு மனப்பாடம். தினமும் அந்த வரிசையால்தானே தண்ணிக்குப் போகிறேன். முப்பத்திமூன்று பேரையும் நிறுத்தாமல் வாசித்தேன். ஏழாவது வரியில் என் பேரைக் கொஞ்சம் அழுத்தமாக வாசித்தேன். அழுகை நின்றது. தங்கம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். அந்தக் கையை நான் இழுத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் சென்றிக்காரன் ரோட்டைக் கடந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போனான். வரும்போது அதிகாரியோடும் இன்னும் இரண்டு பேரோடும் வந்தான்.

அதிகாரி இளம் ஆள். கொஞ்சம் தமிழ் தெரியும், பயமுறுத்த அவ்வளவு காணும். கடதாசியைப் பலகையில் இருந்து பிய்த்தார். பசை காயவில்லை, முழுசாக வந்தது. அதைக் கொண்டு கந்தோருக்குள் நுழைந்தார். நாங்கள் எல்லோரும் சுவரோடு சுவராக நின்றோம். அந்த நேரம் பார்த்து அன்ரன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கடதாசியைக் கண்டதும் அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

இது என்ன பாசை என்று அதிகாரி கேட்டார். பாசை இல்லை என்றான் அன்ரன். கொம்பியூட்டருக்குள் இருப்பது இங்கிலீசு எழுத்துத்தான், எழுத்துரு என்று ஒன்று அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும், புது மெசினில் அந்தச் சட்டையைப் போடத் தான் மறந்துவிட்டேன், அதனால் உள்ளே இருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது என்று விளங்கப்படுத்தினான்.

"அப்ப, அர்த்தம் இல்லை?"

"இல்ல சேர். உலகத்தில ஒருத்தராலயும் இதை வாசிக்க ஏலாது."

சென்றிக்காரன் என்னைக் காட்டினான். "இந்த அம்மா வாசிச்சது. எல்லாம் வாசிச்சது. விரல் வச்சு."

அதிகாரி கடதாசியை மடித்தார். மெல்ல, நாலாக மடித்தார். அன்ரன் பொய் சொல்கிறான், இது இரகசிய எழுத்து, வாசிக்கத் தெரிந்த ஆளும் இங்கேயே இருக்கிறது. அப்படித்தான் அவருக்குப் பட்டது. நான் அவராக இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மெசினையும் அன்ரனையும் வாகனத்தில் ஏற்றச் சொன்னார்.

"சின்ன விசாரணை. பின்னேரம் வரலாம்."

பின்னேரம் வரலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனவர்களுக்காக எத்தனை தாய்மார் எத்தனை பின்னேரம் படலையில் நின்றார்கள் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். அன்ரன் தலைக்கவசத்தை மேசையில் வைக்கப் பார்த்தான். அது உருண்டு விழுந்தது. என் கையில் இருந்த தட்டத்தில் கோப்பைகள் தாங்களாகவே ஒன்றோடொன்று கதைத்தன.

கடைசியாக அதிகாரி ஐயாவைப் பார்த்து, இந்த அம்மா படித்ததா என்று கேட்டார். தில்லையம்பலம் ஐயா, என்னைக் காப்பாற்றுகிற நினைப்பில், எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்.

"நல்லா வாசிப்பா சேர். நாலு வருசமா ஒவ்வொரு நாளும் பேப்பர் வாசிக்கிறவ. மரண அறிவித்தலும் விடமாட்டா."

இரண்டு பேர் அன்ரனின் தோளில் கையை வைத்தார்கள். படலையில் ஊர் நின்றது. நான் தட்டத்தைக் கீழே வைத்தேன். கடல் வந்த நாளில் ஓடினபோதுகூட என் கால் அப்படிப் பாரமாக இருந்ததில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, சேர்."

அதிகாரி நம்பவில்லை. பேப்பர் என்றார். படம் பார்க்கிறனான் என்றேன். பட்டியல் என்றார். அது கொட்டில் வரிசை, பாடம் என்றேன். ஒவ்வொரு பதிலுக்கும் நான் ஒரு அங்குலம் குட்டையானேன். அப்போது படலையில் இருந்து தங்கம்மாவின் குரல் கேட்டது.

"அப்ப பூரணம், போன மாசம் என்ட மகன்ட கடிதத்தை வாசிச்சியே, சுகமா இருக்கான் எண்டு?"

(அவன் கட்டாரில் சுகமாகத்தான் இருந்தான். கடவுள் என்னைக் கைவிடவில்லை.)

அதிகாரி எனக்குச் சோதனை வைத்தார். எனக்குக் கேட்காதபடி அன்ரனைக் கூப்பிட்டு, பட்டியலைத் தலைகீழாக மாற்றி, கடைசிப் பேர் முதலில் வரும்படி புது மெசினில் அச்சடிக்கச் சொன்னார். அதே பட்டியலைத் தமிழில் காட்டக்கூடிய மெசின் உண்டா என்று கேட்டார். ஐயா போய், தன் மெசினுக்கு மேலே கிடந்த மேசைவிரிப்பை இழுத்தார். அவர் மாற்ற விடாமல் காத்த பழைய மெசின். பழைய பிரதியும் அதில் இருந்தது. திரையில் தமிழ்ப் பேர்கள் வந்தன. அன்ரன் மூன்று தரம் பிழைவிட்டு, நாலாம் தரம் அதையும் தலைகீழாக்கினான். சாமுவேல் மாஸ்டரைக் கூப்பிட்டு அதற்கு முன்னால் இருத்தினார்கள். என் கையில் கொம்பியூட்டர் இங்கிலீசு. காலையில் வாசித்த மாதிரியே விரல் வைத்து வாசி என்றார் அதிகாரி.

முதலாவது வரி. எனக்குத் தெரிந்தது ஒரே வரிசைதான். தங்கம்மா என்றேன்.

"பிழை," என்றார் மாஸ்டர். அங்கே வேலாயுதம் இருந்தான்.

இரண்டாவது, பிழை. மூன்றாவது, பிழை. ஒவ்வொரு பிழைக்கும் அன்ரனின் தோள் கொஞ்சம் இறங்கியது. வாழ்க்கையில் நான் பிழைவிட்டு ஒருவர் சந்தோசப்பட்டதை அன்றுதான் கண்டேன். பதினாறு வரிக்குப் பதினாறும் பிழை. பதினேழாவது வரியில் விரலை வைத்து மயில்வாகனம் என்றேன்.

மாஸ்டர் பேசவில்லை.

"என்ன?" என்றார் அதிகாரி.

மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாத மனிசன். "சரி," என்றார்.

அதிகாரி என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கே தெரியாமல் எனக்கு வாசிக்கத் தெரியுமோ என்று ஒரு பயம் வந்தது. அன்ரன்தான் கத்தாத குறையாகச் சொன்னான், "நடு, சேர், நடு. முப்பத்திமூண்டில பதினேழு நடு. எப்பிடித் திருப்பினாலும் அது அங்கதான் நிக்கும்."

அதிகாரி கடதாசியை வாங்கி, மேலே இருந்து பதினாறு, கீழே இருந்து பதினாறு, விரலால் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். மிச்சத்தையும் வாசி என்றார். வாசித்தேன். பதினாறும் பிழை. கடைசி வரி முடிந்ததும் அவருடைய மீசை அசைந்தது.

"அம்மா பெயில்," என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அன்ரனின் தோளில் இருந்து கையை எடுத்துவிட்டார்கள், அவர்கள் வாசல்வரைக்கும் போய்விட்டார்கள், எல்லாம் முடிந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே.

"ஒண்டு சரிதானே, சேர்," என்றேன்.

சென்றிக்காரன் கூடச் சிரித்துவிட்டான். அவர்கள் ரோட்டைக் கடந்து போகும்வரை நாங்கள் சிரிக்கவில்லை. அன்ரன் படியில் குந்தி இருந்தான். நான் கொடுத்த தேத்தண்ணியை அவனால் பிடிக்க முடியவில்லை. கோப்பையை நான் பிடிக்க அவன் குடித்தான். அதற்குப் பிறகுதான் ரஹீமா வந்து சேர்ந்தாள். படலையில் நின்ற சனத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, விசேசமா?" என்று கேட்டாள்.

மறுநாள் அன்ரன் தமிழ்ச் சட்டையை எல்லா மெசினுக்கும் போட்டான். பட்டியலை நல்ல தமிழில் அச்சடித்து, தில்லையம்பலம் ஐயாவே பசை பூசி ஒட்டினார். ஏழாவது வரியில் என் பேர் இருந்தது. எனக்கு வாசிக்கக் கூடிய ஒரே வரி. அடுத்த கிழமை ஐயா தன் மெசினையும் மாற்றச் சொன்னார். அன்ரன் மூன்று நாள் கெஞ்சியும் அசையாத மனிசன் சொன்ன காரணம் இதுதான்: பூரணம் பெயிலான மெசினில் தான் பாஸாகிக் காட்ட வேண்டுமாம். அப்படித்தான் எங்கள் கந்தோர் முழுசாக மாறியது. முப்பத்திமூன்று வீடும் வந்தது. இதை அந்த ஏழாவது வீட்டில் இருந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தங்கம்மா ஒரு மாசம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு மகனின் அடுத்த கடிதத்தை மாஸ்டரிடம் கொடுத்து வாசிப்பித்தாள். நான் சொன்ன மாதிரியேதான் இருந்ததாம்.

என் வீட்டில் எனக்கு மரியாதை போன கதை இதுதான். பேரப்பிள்ளைகள் ரிப்போட் கொண்டு வரும்போது நான் முகத்தைச் சுழித்தால் போதும், "முப்பத்திரண்டு பிழை விட்ட நீங்களா கேக்கிறீங்க?" என்று ஒரே குரலில் வரும். கறியில் உப்பில்லாவிட்டால் மருமகன்கூட மெதுவாக, "அம்மா பெயில்," என்பார்.

அன்ரன் இப்போது குளிர் நாட்டில். வருசா வருசம் நத்தார்ப் பெருநாளுக்குத் தவறாமல் போன் எடுப்பான். எடுத்ததும் முதல் கேள்வி, "அக்கா, இப்பயாவது வாசிக்கப் பழகிட்டீங்களா?"

"இல்ல மனே. அண்டைக்கு எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நீ இண்டைக்கு எங்க?"

அவன் சிரித்துக்கொண்டு சொல்வான், "வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நீங்க அதை ஒட்டியே இருக்கமாட்டீங்களே அக்கா."

அந்த இடத்தில் எப்போதும் எனக்கு லைன் சரியாகக் கேட்பதில்லை.